ஷார்ட் பெட் பிக்கப்புக்கு எந்த ஃபிப்த் வீல் ஹிட்ச்?

ஃபிப்த் வீல் டிரெய்லர் வாங்கப் போகும் நண்பர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். பிக்கப் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி, அதாவது பெட், ஆறரை அடி. டிரெய்லரும் பார்த்து வைத்தாயிற்று. இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் விஷயத்தில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டீலர் "ஷார்ட் பெட்டா, அப்போ ஸ்லைடர் (பின்னால் நகர்த்தக்கூடிய ஹிட்ச்) இல்லாமல் முடியாது" என்கிறார். பல வருடமாக டிரெய்லர் இழுப்பவர் "சாதா ஹிட்ச் போதும், ஒரு தடவைகூட இடித்ததில்லை" என்கிறார். மூன்றாமவர் தானாக நகரும் ஹிட்ச்சைத் தவிர வேறெதையும் வாங்காதே என்று அடித்துச் சொல்கிறார். மூன்று பேரும் அவரவர் வண்டிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கும் உங்கள் டிரெய்லருக்கும் அது பொருந்துமா என்பதை அளவு நாடாதான் சொல்ல முடியும்.

புதிதாக இதற்குள் வருபவர்களுக்காக ஒரு வரி. சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் இழுத்துப் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் அடியில் தொங்கும் இரண்டு அங்குல கிங்பின், லாரியின் மேலுள்ள தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுதான் ஃபிப்த் வீல் ஹிட்ச். அமெரிக்காவில் வீட்டு வசதியுள்ள பெரிய டிரெய்லர்களை பிக்கப்பின் பெட்டில் மாட்டி இழுப்பதும் அதே முறைதான். லாரியில் கேபினுக்குப் பின்னால் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். ஷார்ட் பெட் பிக்கப்பில் அந்த இடம் இல்லை, சிக்கல் அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் எடை, பிறகு இடைவெளி, கடைசியில்தான் ஹிட்ச். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

கேபினுக்கும் ஹிட்ச்சுக்கும் நடுவிலுள்ள தூரம். டிரெய்லரின் அகலம் பொதுவாக 96 முதல் 101 அங்குலம் வரை இருக்கும். அதில் பாதி 48 முதல் 50½. வண்டியும் டிரெய்லரும் 90 டிகிரிக்கு மடங்கி நிற்கும்போது டிரெய்லரின் பக்கச் சுவர் கிங்பின்னிலிருந்து அந்த அளவுக்குக் கேபின் பக்கம் வந்துவிடும். எட்டடி பெட்டில் கேபினின் பின்புறத்திலிருந்து ஹிட்ச் வரை ஐம்பது அங்குலத்துக்கு மேலேயே கிடைக்கும், அதனால் அந்த வண்டிக்காரர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஷார்ட் பெட்டில் ஏறக்குறைய 38 முதல் 40 அங்குலம்தான்.

பெட்டின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. எஃப்-150இன் ஐந்தரை அடி பெட் 67.1 அங்குலம், ராம் 2500இன் சின்ன பெட் 76.3, ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் சின்ன பெட் 81.9, செவி 2500இல் 82.2. இந்தப் பட்டியலைப் பார்த்து "என்னுடையது பெரிது" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஏனென்றால் ஹிட்ச் உட்கார வேண்டிய இடம் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்கு ஓரிரு அங்குலம் முன்னால். ஆக்சிலுக்குப் பின்னால் பெட் எவ்வளவு நீண்டாலும் உங்களுக்குப் பயனில்லை. நாடாவைக் கேபினின் பின்புறத்தில் வைத்து, ஹிட்ச்சில் கிங்பின்னைக் கவ்விப் பிடிக்கும் தாடையின் நடுப்புள்ளி வரை பிடியுங்கள். பின் கண்ணாடிக்கு மேல் பிரேக் லைட் துருத்திக்கொண்டிருந்தால் அதிலிருந்து. கேபினை ஒட்டி டூல் பாக்ஸோ கூடுதல் டீசல் டேங்கோ இருந்தால், அது பெட்டின் விளிம்புக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்து டிரெய்லரின் கீழே போய் கிங்பின்னிலிருந்து முன் மூலை வரை குறுக்காக அளந்து பாருங்கள். சமீப வருடங்களில் வரும் பல டிரெய்லர்களின் முன்முகத்தை வளைத்து, மூலைகளை உள்ளே வெட்டி வடிவமைக்கிறார்கள். டிரெய்லர் தன் முழு அகலத்தை எட்டும் இடமே கிங்பின்னுக்கு இரண்டு மூன்று அடி பின்னால் போய்விடுவதால், மடங்கும்போது அந்த அகலமான பகுதியில் பெரும்பாகம் கேபினின் பக்கவாட்டில் விலகிப்போகும். பழைய சதுர மூக்கு டிரெய்லரில் இந்தச் சலுகை கிடையாது.

கணக்கில் சரியாக இருந்தாலும் மூன்று நான்கு அங்குலமாவது மிச்சம் வேண்டும். கேம்ப்கிரவுண்டில் தரை சமமாக இருக்காது. பிக்கப்பின் பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் டிரெய்லரின் நெற்றி கேபின் கூரையை நோக்கிச் சாயும். தார் போட்ட சமதளத்தில் அளந்த மூன்று அங்குலம் அங்கே ஒன்றாகிவிடும்.

எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. இதைத்தான் பேலோட் என்பார்கள். விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனைவிட உங்களை உண்மையில் கட்டுப்படுத்துவது இந்த எண்தான். ஃபிப்த் வீல் டிரெய்லர் தன் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதத்தை கிங்பின் வழியாக பிக்கப்பின் மேல் இறக்கும். ஓர் உதாரணம்: முக்கால் டன் டீசல் வண்டி (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப்பின் வகைப் பெயர்கள்), ஸ்டிக்கரில் 2,200 பவுண்டு. குடும்பத்தில் நான்கு பேர் 550, ஸ்லைடர் ஹிட்ச் 200, பெட்டில் கிரில், விறகு, கருவிப் பெட்டி என்று 100. மிச்சம் 1,350. இருபது சதவீதம் என்று வைத்தால்கூட 6,750 பவுண்டு டிரெய்லர்தான் இழுக்க முடியும். டீலர் காட்டும் டிரெய்லரோ சாமான் ஏற்றிய பிறகு 10,000. அது 2,000 பவுண்டை இறக்கும். எந்த ஹிட்ச் வாங்கினாலும் இந்த 650 பவுண்டு மறையாது.

பிரசுரத்தில் போட்டிருக்கும் கிங்பின் எடையையும் நம்ப வேண்டாம், அது காலி டிரெய்லரின் கணக்கு. பேட்டரி, புரொப்பேன், படுக்கையறை அலமாரி, முன்பக்க ஸ்டோரேஜ் எல்லாம் கிங்பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே நீங்கள் அடுக்கும் பொருளின் எடை பெரும்பாலும் கிங்பின்மேல்தான் போய்ச் சேரும். தமிழ்க் குடும்பம் நாலு நாள் வெளியூர் போனால் கிரைண்டர் தவிர மற்றதெல்லாம் கூடவே வரும் என்பது உங்களுக்கே தெரியும், அதையும் எடையில் போடுங்கள்.

மற்றவை. பெட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது (ஹிட்ச்சின் கால்களைப் பூட்ட ஃபேக்டரியிலேயே போட்டுத் தரும் பக் துளைகளா, வேறு வகை டிரெய்லரை மாட்டுவதற்கான கூஸ்நெக் என்ற உருண்டைப் பந்தா, ஒன்றுமே இல்லையா). ஹிட்ச்சை எத்தனை முறை கழற்றி இறக்குவீர்கள், அதைத் தூக்க ஆள் இருக்கிறார்களா. உங்கள் டிரெய்லரை வேறு யாராவது இழுக்க வேண்டிவருமா. டிரெய்லர் பிரேமின் உத்தரவாதம் எதை அனுமதிக்கிறது. பணம் இதற்கெல்லாம் பிறகு.

## நிலையான ஹிட்ச்

நகராதது, விலை குறைந்தது, எடையும் குறைவு. ஏறக்குறைய 700 முதல் 1,500 டாலருக்குள் நல்லது கிடைக்கும். நகரும் பாகம் குறைவு என்பதால் கெட்டுப்போக அதிகம் இல்லை. கன்சாஸின் ஹம்போல்ட்டில் தயாராகும் பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் போன்றவை இரண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டாக இறக்கி வைத்துவிடலாம்.

ஷார்ட் பெட்டில் நிலையான ஹிட்ச்சே கூடாது என்று சொல்வது பழைய காலத்துப் பேச்சு. மூலை வெட்டிய டிரெய்லர், ஆறேமுக்கால் அடி பெட், அதோடு டிரெய்லர் தயாரிப்பாளரே ஷார்ட் பெட்டுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் இது போதும். ஆனால் அந்த உத்தரவாதத்தில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 90 டிகிரி வரை என்றால் நீங்கள் 90ஐத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். ரிவர்ஸில் தடுமாறும்போது 90 என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல, உங்கள் கவனம். ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் கண் முழுக்கப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் வால் மேல் இருக்கும். வால் மரத்தில் இடிக்கிறதா, மின் கம்பத்தில் இடிக்கிறதா என்று. அதே நேரத்தில் டிரெய்லரின் முன் மூலை உங்கள் தலைக்குப் பின்னால் கேபினை நோக்கி வந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. பின் கண்ணாடி நொறுங்குவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே இதை வாங்கினால் இரண்டாவது ஆள் ஒருவர் எப்போதும் கீழே இறங்கி நின்று அந்த மூலையைப் பார்க்க வேண்டும். தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஐந்தரை அடி பெட்டுக்கும் சதுர மூக்கு டிரெய்லருக்கும் இது வேண்டவே வேண்டாம்.

## கையால் நகர்த்தும் ஸ்லைடர்

அதிகம் விற்பது இதுதான் என்று டீலர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை, விலைக்கும் வசதிக்கும் நடுவில் நிற்கிறது. ஏறக்குறைய 1,200 முதல் 2,500 டாலர். ஹிட்ச்சின் தலை தண்டவாளம் மாதிரியான சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னால் போகும். சாலையில் முன் நிலையில் பூட்டி ஓட்ட வேண்டும், கேம்ப்கிரவுண்டுக்குள் நுழைந்த பிறகு பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

எப்படித் தள்ளுவது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காமலேயே பலர் வாங்கிவிடுகிறார்கள். முதலில் வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் சட்டம் இறுகிக்கொள்ளும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கீழே இறங்கி பெட்டின் பக்கத்திலிருந்து லீவரை இழுக்க வேண்டும். லீவர் அசையவில்லை என்றால் பூட்டின் மேல் பாரம் இருக்கிறது என்று பொருள், பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள், வண்டியை ஒரு அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகர்த்தி மறுபடி முயலுங்கள். லீவர் வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்து, கேபினில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கை லீவரை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டியை மெதுவாக முன்னால் விட வேண்டும். டிரெய்லர் நின்ற இடத்தில் நிற்க, வண்டி மட்டும் முன்னேற, ஹிட்ச் பெட்டில் பின்னால் வழுக்கிப் போய் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். மறுபடி இறங்கி, பூட்டு முழுதாக விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கிளம்பும்போது இதே வேலை எதிர்த் திசையில்.

ஓய்வாக இருக்கும்போது இது ஐந்து நிமிட வேலை. இருட்டு, மழை, பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடிக்கிறது, குழந்தைகள் பசியில் அழுகிறார்கள் என்ற நேரத்தில் "பரவாயில்லை, இந்த ஒரு தடவை" என்று விட்டுவிடத் தோன்றும். ஸ்லைடர் வைத்திருந்தும் கண்ணாடி உடைபவர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவசரத்திலும் இறங்கி லீவரை இழுப்பேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பின் நிலையில் வைத்துக்கொண்டே நெடுஞ்சாலையில் போகக் கூடாது. பாரம் ஆக்சிலுக்குப் பின்னால் விழும், முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 38 அங்குல இடைவெளியில் 12 சேர்த்தால் 50. 96 அங்குல டிரெய்லருக்கு 48 வேண்டும், மிச்சம் இரண்டே அங்குலம். 101 அங்குல டிரெய்லருக்கு 50½ வேண்டும், அரை அங்குலம் பற்றாது. ஆக, ஸ்லைடர் இருக்கிறது என்பதாலேயே 90 டிகிரி மடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூக்கு வெட்டிய டிரெய்லரோடு சேர்ந்தால்தான் இது நிம்மதி தரும்.

வருடத்தில் சில பயணங்கள், பெரும்பாலும் நேராக நுழைந்து நேராக வெளியேறும் சைட்டுகள், முக்கால் டன் அல்லது ஒரு டன் வண்டி: இவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். எடையை மறக்காதீர்கள், சட்டம், தலை எல்லாம் சேர்த்தால் 200 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ வரும். அதைத் தனியாளாக பெட்டிலிருந்து இறக்க முடியாது.

## தானாக நகரும் ஸ்லைடர்

இண்டியானாவின் புல்ரைட் நிறுவனம் செய்யும் சூப்பர்கிளைட், டெம்கோவின் ஆட்டோஸ்லைட், இரண்டும் இந்த வகை. கிங்பின்னின் மேல் கேப்சர் பிளேட் என்ற ஒரு தகட்டை மாட்டுவார்கள். அது ஹிட்ச்சின் தலையோடு இறுகப் பிடித்துக்கொள்வதால், டிரெய்லர் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு தலையும் திரும்பும். அந்தச் சுழற்சிதான் ஹிட்ச்சைப் பின்னால் தள்ளுகிறது. வண்டி நேரானதும் தானே முன்னால் வந்துவிடும். நெடுஞ்சாலை வளைவில் கோணம் சிறியது, அதனால் நகர்வும் பெயருக்குத்தான். சூப்பர்கிளைட்டின் சில மாடல்கள் 14 அங்குலம் வரை நகரும்.

நீங்கள் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய மதிப்பு. பெட்ரோல் பங்க்கில் தவறாக நுழைந்து திரும்ப வழியில்லாமல் மடக்க வேண்டிவந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஐந்தரை அடி பெட் வைத்திருப்பவர்களும், தனியாகப் போகிறவர்களும், முன்னாலோ பின்னாலோ மரம் நெருங்கி நிற்கும் மாநிலப் பூங்கா சைட்டுகளை விரும்புபவர்களும் பணத்தை இங்கே போடலாம்.

செலவு என்று பார்த்தால் ஏறக்குறைய 2,500 முதல் 4,000 டாலர், அதோடு உங்கள் பெட்டுக்குத் தகுந்த சட்டம் தனி. எடை 200 பவுண்டுக்கு மேல், பேலோட் ஸ்டிக்கர் ஏற்கெனவே இறுக்கமாக உள்ள அரை டன் வண்டிக்கு இதுவே சுமை. இதில் ஒரு சங்கடம் உண்டு: இது அதிகம் தேவைப்படுவது ஐந்தரை அடி பெட்டுக்கு, ஆனால் அந்த வண்டிகளில்தான் பேலோட் குறைவு. நகரும் பாகங்களுக்கு கிரீஸ் தேவை. மாட்டும்போது கேப்சர் பிளேட் பொருந்த வண்டி ஏறக்குறைய நேராக வர வேண்டும், கோணலாக நின்று மாட்டுவது கஷ்டம். டிரெய்லரை சர்வீஸுக்கு விடும்போது அங்குள்ளவர்களின் ஹிட்ச்சில் சில வகைத் தகடுகள் பொருந்தாது, கழற்றித் தர வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேளுங்கள்.

பழையது வாங்கினால் தகடும் அதனுடன் வருகிறதா, உங்கள் பின் பாக்ஸ் (டிரெய்லரின் முன்னால் கிங்பின்னைத் தாங்கும் பெட்டி) மாடலுக்கு அந்தத் தகடு பொருந்துமா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். தகடு இல்லாத ஆட்டோ ஸ்லைடர் வேலைக்கு ஆகாது.

## சுழலும் பின் பாக்ஸ்

இதில் மாற்றம் டிரெய்லர் பக்கம். ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர் என்ற பின் பாக்ஸை, டிரெய்லரின் பழைய பின் பாக்ஸைக் கழற்றிய இடத்தில் போடுவார்கள். கிங்பின் ஹிட்ச்சில் திரும்பாதபடி ஒரு ஆப்பு வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பும் அச்சை 22 அங்குலம் பின்னால் கொண்டுபோகிறார்கள். 38ம் 22ம் 60. கணக்குப்படி இடைவெளியில் இதை வெல்ல முடியாது. பிக்கப்பில் சாதாரண நிலையான ஹிட்ச் போதும், இறங்கி ஏறும் வேலை இல்லை. பின் பாக்ஸுக்கு ஆகும் 1,500 டாலர் அளவிலான செலவையும் ஹிட்ச்சையும் சேர்த்தால் ஆட்டோ ஸ்லைடரின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியது மூன்று. ஆப்பு உங்கள் ஹிட்ச் மாடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், நாளை ஹிட்ச்சை மாற்றினால் ஆப்பையும் மாற்ற வேண்டும். கிங்பின் திரும்பாததால் பக்கவாட்டு முறுக்கு முழுவதும் ஹிட்ச் தலைமேல் விழுகிறது, ஹிட்ச் செய்தவர் இதை அனுமதிக்கிறாரா என்று கேட்க வேண்டும். டிரெய்லர் பிரேம் செய்தவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். போனில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது வெல்டிங் விரிசல் விட்ட அன்று உதவாது.

ஒரே டிரெய்லரைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறவர்கள், பிக்கப்பை மட்டும் இடையில் மாற்றுபவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

## கூஸ்நெக் பந்து வழியாக

பெட்டில் ஏற்கெனவே கூஸ்நெக் பந்து இருந்தால் இந்த வழி. ஐடஹோவின் ஆண்டர்சன் அல்டிமேட் அலுமினியத்தில் செய்தது, கூஸ்நெக் பந்தில் மாட்டும் வகை 35 பவுண்டுதான். ஒருவரே ஒரு கையால் எடுத்து கராஜில் வைத்துவிடலாம், பெட் முழுதும் காலி. வாரநாளில் பெட்டில் பிளைவுட் ஏற்றுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். பந்தைச் சில அங்குலம் பின்தள்ளி வைக்கும் வசதியும் உண்டு. ஸ்லைடர் அளவுக்கு இடம் கிடைக்காது, மூக்கு வெட்டிய டிரெய்லருக்கு அது போதும். எடையில் மிச்சமாகும் 150 பவுண்டுக்கு மேல் என்பது பேலோட் இறுக்கமான வண்டியில் ஒரு ஆளின் எடை.

ஆனால் வழக்கமான தாடை இதில் இல்லை. கிங்பின்மேல் ஒரு கப்ளர் பொருத்தி அது பந்தின்மேல் உட்காரும். பார்க்காமல் "சத்தம் கேட்டது, பூட்டிடுச்சு" என்று கிளம்பக் கூடாது. அந்தக் கப்ளரோடு வேறொருவரின் சாதாரண ஹிட்ச்சில் டிரெய்லரை மாட்ட முடியாது.

இதே குடும்பத்தில் இன்னொன்று, பின் பாக்ஸையே கூஸ்நெக் பாக்ஸாக மாற்றுவது. ரீஸ் கூஸ் பாக்ஸ் அப்படிப்பட்டது. பெட்டில் பந்தைத் தவிர எதுவும் வேண்டாம். இங்கே பிரேம் உத்தரவாதம் பெரிய விஷயம். கிங்பின்னுக்குக் கீழே நீளமான குழாயை நீட்டும் மலிவான அடாப்டர்கள் நெம்புகோல் போலப் பிரேமை முறுக்கும் என்பதால் பிரேம் தயாரிப்பாளர்கள் பலவற்றை ஏற்பதில்லை. கூஸ்நெக்காக மாறினால் பெரும்பாலான மாநிலங்களில் சேஃப்டி செயினும் கட்ட வேண்டும், ஃபிப்த் வீலுக்கு அது தேவைப்படாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நிலையானது | மேனுவல் ஸ்லைடர் | ஆட்டோ ஸ்லைடர் | சுழலும் பின் பாக்ஸ் | ஆண்டர்சன் வகை |
|---|---|---|---|---|---|
| கூடுதல் இடம் | இல்லை | 10–12 அங்குலம் | 14 அங்குலம் வரை | 22 அங்குலம் | சில அங்குலம் |
| ஏறக்குறைய விலை (டாலர்) | 700–1,500 | 1,200–2,500 | 2,500–4,000 | 1,500 + ஹிட்ச் | 1,000–1,500 |
| பிக்கப்பில் ஏறும் எடை | நடுத்தரம் | அதிகம் | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| இறங்கி லீவர் இழுக்க வேண்டுமா | இல்லை | ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| மற்றவர் வண்டியில் மாட்ட | எளிது | எளிது | தகட்டைப் பொறுத்தது | ஆப்பு மாற்ற வேண்டும் | கப்ளர் கழற்ற வேண்டும் |
| ஐந்தரை அடி பெட்டுக்கு | வேண்டாம் | பார்த்துத்தான் | நல்லது | நல்லது | மூக்கு வெட்டியதற்கு மட்டும் |

விலையில் பெட்டில் பொருத்தும் சட்டமும் கூலியும் சேரவில்லை. ஃபேக்டரி பக் துளைகள் உள்ள வண்டி என்றால் (சூப்பர் டியூட்டியில் 2011 முதல், ராமில் 2013 முதல், ஜிஎம் பெரிய வண்டிகளில் 2016 முதல் இந்த வசதி வந்தது) அதற்கென்றே செய்த கால்கள் உள்ள ஹிட்ச்சை வாங்கினால் துளை போடும் வேலை இல்லை, சில நூறு டாலர் மிச்சம். ஆனால் எல்லா வண்டியிலும் அது இருக்காது, வாங்கும்போது ஆர்டர் செய்திருக்க வேண்டும். பெட்டின் தரையில் நான்கு மூடிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். துளை இல்லாத வண்டியில் பொது அளவில் வரும் தண்டவாளச் சட்டம் போட்டால் பெரும்பாலான நிறுவனங்களின் ஹிட்ச் பொருந்தும், ஆனால் ஹிட்ச்சை இறக்கிய பிறகும் சட்டம் பெட்டில் நின்று சாமான் இழுக்க இடைஞ்சல் செய்யும்.

## யாருக்கு எது

அரை டன் வண்டி, ஐந்தரை அடி பெட்: முதலில் ஃபிப்த் வீல் வேண்டுமா என்றே யோசியுங்கள். இந்த வண்டிகளின் பேலோட் பெரும்பாலும் 1,500 முதல் 1,900 பவுண்டுக்குள். குடும்பம் ஏறிய பிறகு மிஞ்சுவதில் லேசான டிரெய்லர்கள்தான் அடங்கும். அடங்குகிறது என்று எண்கள் சொன்னால் ஆண்டர்சனும் மூக்கு வெட்டிய டிரெய்லரும், அல்லது எடை இடம் கொடுத்தால் ஆட்டோ ஸ்லைடர். அடங்கவில்லை என்றால் பம்பருக்குக் கீழே மாட்டும் சாதாரண டிராவல் டிரெய்லரே உங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பானது, அதில் குறைவு ஒன்றும் இல்லை.

முக்கால் டன், புது டிரெய்லர், கூட ஒருவர் எப்போதும் வருவார்: மேனுவல் ஸ்லைடர். அளவு நாடா ஐந்தாறு அங்குலம் மிச்சம் காட்டினால் நிலையானதே போதும், மிஞ்சும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

ஒரு டன், வருடம் முழுவதும் சாலையிலேயே வாழும் தம்பதி அல்லது தனியாள்: ஆட்டோ ஸ்லைடர் அல்லது சுழலும் பின் பாக்ஸ். தினமும் செய்யும் வேலையில் ஒருவர் மறக்கக்கூடிய படியை எடுத்துவிடுவதற்கு கூடுதலாகப் போகும் அந்த ஆயிரம் ஆயிரத்தைந்நூறு டாலர் தகும்.

பழைய சதுர மூக்கு டிரெய்லரை நல்ல விலைக்குப் பிடித்தவர்கள்: டிரெய்லரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை ஹிட்ச்சுக்கு ஒதுக்குங்கள். சுழலும் பின் பாக்ஸ்தான் உங்களுக்கு அதிக இடம் தரும், ஆனால் பிரேமின் வயதையும் வெல்டிங்கையும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

எதை வாங்கினாலும் பொருத்தியவுடன் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பெட்டின் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிக்கும் நடுவே ஐந்தரை ஆறு அங்குலம் இருக்கிறதா, டிரெய்லர் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வண்டியை லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள், கிங்பின் தாடைக்குள் விழாமல் தாடையின் மேலே உட்கார்ந்திருந்தால் இந்த இழுப்பில் தெரிந்துவிடும். அப்போது டிரெய்லரின் கால்கள் இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு காலியான ஒரு பார்க்கிங் இடத்தில், கேபினின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று கைகாட்ட, ஊர்ந்து போகும் வேகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மடக்கிப் பாருங்கள். மூலை எந்தக் கோணத்தில் கேபினின் பின் கண்ணாடிக்கு நான்கு அங்குலத்துக்குள் வருகிறதோ அங்கே நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டப் போகிற இன்னொருவர் வீட்டில் இருந்தால் அவரையும் உட்காரவைத்து அதே இடத்தைக் காட்டுங்கள்.